உச்சி நிழலும் கைத்தொலைபேசியும்: கல்முனைக் கரையில் தொழுகை நேரக் கணிப்பு பற்றி டேவிட் கிங்கின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், கைத்தொலைபேசியின் அன்றாடச் செயலிகளுள் தொழுகை நேரம் காட்டுவதற்குத் தனி இடம் உண்டு. பாங்கு சொல்வதும் ஸஹர் முடிவை அறிவிப்பதும் நோன்பு திறக்கும் நிமிடத்தைக் காட்டுவதும் அதன் வேலை. இச்செயலியின் வரலாற்றைப் பேசுவோர், நிழல் பார்த்த காலம் போய்க் கணித்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்த எண்ணத்துக்கு வலுவான ஆய்வுப் பின்னணி தேடினால் டேவிட் ஏ. கிங்கிடம்தான் போக வேண்டும். பிராங்பேர்ட் கோத்தே பல்கலைக்கழகத்தில் 1985 முதல் 2006 வரை அறிவியல் வரலாற்று நிறுவனத்தை நடத்தியவர் அவர். 2004, 2005 ஆம் ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக வந்த ‘இன் சிங்க்ரொனி வித் த ஹெவன்ஸ்’ என்ற அவரது நூலைத் தவிர்த்துவிட்டு இஸ்லாமிய நேரக் கணிப்பைப் பற்றி யாரும் எழுத முடியாது. அதனாலேயே அவரோடு வாதிட வேண்டியிருக்கிறது.

கிங்கின் வாசிப்பின் சாரம் இதுதான். இஸ்லாமிய உலகில் நேரம் பார்ப்பதற்கு இரண்டு மரபுகள் இருந்தன. ஒன்று, பிக்ஹு என்ற மார்க்கச் சட்டத்தின் அறிஞர்களும் பாங்கு சொல்லும் முஅத்தின்களும் கைக்கொண்ட நாட்டார் வானியல்: நிழலை அடியால் அளப்பது, எளிய எண் விதிகளை மனனம் செய்துகொள்வது. மற்றது, வானியலாளர்களின் கணித மரபு: கோள முக்கோணவியல், நுட்பமான அட்டவணைகள். 13 ஆம் நூற்றாண்டளவில் எகிப்தின் பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற நேரக் கணிப்பாளர் பதவி தோன்றிய பிறகும் இவ்விரு மரபுகளும் பெரும்பாலும் தனித்தனி வழியிலேயே நடந்தன. இதோடு அவர் இன்னொரு நுணுக்கமான கருத்தையும் முன்வைக்கிறார். பகல் தொழுகைகளின் நிழல் வரையறைகள், பகலைப் பன்னிரண்டாகப் பகுக்கும் பருவ மணிக் கணக்கை எளிதில் அறிவதற்கான வழிகளாக அமைந்தவை. அவ்விரண்டையும் இணைப்பது இந்திய மூலத்திலிருந்து வந்த ஒரு தோராயச் சூத்திரம். அச்சூத்திரப்படி, உச்சி நிழலுக்கு மேல் நிழல் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்து, அதோடு குச்சியின் நீளத்தைக் கூட்டி, அத்தொகையால் குச்சி நீளத்தின் ஆறு மடங்கை வகுத்தால், பகல் முடிய எத்தனை பருவ மணி மிஞ்சியிருக்கிறது என்பது கிடைக்கும். நிழல் குச்சியளவு கூடினால் விடை மூன்று. அதாவது அந்த நிழலில் தொடங்கும் அஸர் என்ற பிற்பகல் தொழுகையின் நேரம், பகலின் ஒன்பதாம் மணி முடியும் இடம்.

இதைக் கல்முனையில் வைத்துச் சோதிக்கலாம். ஊரின் அகலாங்கு வடக்கு 7.41 பாகை, நெட்டாங்கு கிழக்கு 81.83 பாகை. ஏப்ரல் 9 ஐயும் செப்டெம்பர் 3 ஐயும் ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. நட்ட குச்சிக்கு உச்சி நிழலே இல்லை. அன்று ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டப் பள்ளியின்படி அஸர் நுழைவது உச்சியிலிருந்து 181.6 நிமிடத்தில். மூன்று பருவ மணி என்பது 181.9 நிமிடம். ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. இந்த இரண்டு நாட்களை மட்டும் பார்க்கிறவர் கிங் சொன்னதே சரி என்று எழுந்து போய்விடுவார். ஆனால் டிசம்பர் கடைசியில் இதே கணக்கைப் போட்டால் நிழல் விதி அஸரை 201 ஆவது நிமிடத்தில் வைக்கிறது, பருவ மணியோ 174 இல் நிற்கிறது. ஜூனில் 207 க்கு 186. டிசம்பரில் 27 நிமிடம், ஜூனில் 21 நிமிடம் என்று விரியும் இடைவெளியைத் தோராயம் என்று தள்ளிவிட முடியாது. கல்முனையில் நிழல் பார்த்துத் தொழுதவர், எந்தத் தலைமுறையிலும், ஒன்பதாம் மணியைப் பின்பற்றியவராக இருந்திருக்கவே முடியாது. வரையறையின் பிறப்பிடம் பற்றிக் கிங் சொல்வது சரியாகவே இருக்கட்டும். நடைமுறையில் இங்கே நிழல் என்பது வேறொரு மணிக்கான பதிலியல்ல. நிழலே நேரம்.

இதற்கு நேரடிச் சாட்சி செயலியின் உள்ளேயே இருக்கிறது. தொழுகை நேரத்தைக் கணிக்கும் திறந்த மூல நிரல்களில் அஸருக்கான வரியைப் பார்த்தால் அங்கே பருவ மணி இல்லை, இந்தியச் சூத்திரமும் இல்லை. பிக்ஹு நூல் சொல்வது அப்படியே இருக்கிறது: நிழல் மடங்கு (ஷாபிஈக்கு 1, ஹனபிக்கு 2), அதோடு உச்சி நிழல். அந்த நிழலுக்குரிய கோணத்தில் சூரியன் எப்போது நிற்கும் என்பதைத்தான் நிரல் தீர்க்கிறது. உச்சி நிழலைக் காண, ஊரின் அகலாங்கிலிருந்து சூரியனின் சாய்வைக் கழித்து, வரும் விடையின் கூட்டல் கழித்தல் குறியை நீக்கி எடுக்கிறது. இந்தக் குறி நீக்கம் சிறிய விஷயமாகத் தெரியும். கெய்ரோவில் அதற்கு வேலையே இல்லை, ஏனென்றால் அங்கே சூரியன் உச்சிக்கு வடக்கே போவதில்லை. நமது கரையில் ஏப்ரல் 9 முதல் செப்டெம்பர் 3 வரை, ஏறத்தாழ ஐந்து மாதம், நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. அந்தக் குறி நீக்கம் மட்டும் இல்லாதிருந்தால் ஜூனில் கல்முனையின் அஸர் 75 நிமிடம் முந்திப்போகும். நிழல் எந்தத் திசையில் விழுந்தாலும் அதன் நீளம்தான் கணக்கு என்பதும், உச்சி நிழல் இருந்தால் மட்டுமே அதைச் சேர்க்க வேண்டும் என்பதும் ஷாபிஈ பிக்ஹுக்குப் பழகிய நிபந்தனைகள். இங்கே சட்ட நூலின் நிபந்தனையும் கணித வரியும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுகின்றன. இரண்டு மரபுகள் என்ற பிரிப்பு இந்த இடத்தில் நிற்கவில்லை.

நண்பகல் தொழுகையான ளுஹரிலும் இந்தப் பொருத்தத்தைக் காணலாம். சூரியன் சரியாக உச்சியில் நிற்கும் கணம் தொழுகைக்குரியதல்ல. அது சாய வேண்டும். புழக்கத்திலுள்ள நிரல்கள் பலவற்றில் கணித்து வந்த நண்பகலோடு 1 நிமிடம் கூட்டப்படுகிறது. அந்த ஒரு நிமிடத்தை வானியல் கேட்கவில்லை, பிக்ஹு கேட்கிறது.

அப்படியானால் முறிவு எங்கே நேர்ந்தது? நிழலுக்கும் செயலிக்கும் இடையில் அல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். அது கடிகாரத்தில் நேர்ந்தது. இதற்கு நான் முன்வைக்கும் ஆவணம் கல்வெட்டோ ஓலையோ அல்ல. அன்ட்ரொய்ட், ஐபோன் இரண்டுக்கும் அடித்தளமாக உள்ள உலக நேர வலயத் தரவுத்தளத்தில் ‘ஏசியா/கொழும்பு’ என்ற தலைப்பின் கீழ் வரும் சில வரிகள்தான். கல்வெட்டை வாசிப்பது போல அவற்றை வரிவரியாக வாசிக்க வேண்டும்.

முதல் வரி 1880 வரை கொழும்பின் இட நேரத்தைக் கிறீன்விச்சுக்கு 5:19:24 முன்னால் வைக்கிறது. இரண்டாம் வரி 1906 வரை 5:19:32. அதற்கு மொறட்டுவை நேரம் என்று பெயர். பிறகு 5:30 வருகிறது. 1942 ஜனவரி 5 இல் அரை மணித்தியாலம் முன்னே போகிறது, அவ்வாண்டு செப்டெம்பரில் இன்னோர் அரை மணித்தியாலம், 1945 ஒக்டோபர் 16 இல் மீண்டும் 5:30. அடுத்து, மின் நெருக்கடியை ஒட்டி 1996 மே 25 இல் 6:30. ஒக்டோபர் 26 இல் 6:00. 2006 ஏப்ரல் 15 இல் பழையபடி 5:30.

1945 தொடக்கம் வரும் வரிகளுக்கு நாளும் மணியும் உண்டு. 1880 க்கும் 1906 க்கும் ஆண்டு மட்டுமே. இத்தரவுத்தளத்தின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி, சாதகம் கணிப்பவர்களுக்காகத் தொமஸ் ஷாங்ஸ் தொகுத்த நேர அட்லஸிலிருந்து வந்தது. 1970 க்கு முந்திய பதிவுகளை எச்சரிக்கையோடு கையாளும்படி தொகுப்பாளர்களே சொல்கிறார்கள். ஆகவே 1880 ஐ நான் எல்லையாகக் கொள்ளவில்லை. 1906 ஐயும் ஆண்டளவில் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வரிகளிலிருந்து ஒரு பயன் பிறக்கிறது. தொழுகை நேர அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை; ஒருமுறை கணித்துப் பள்ளிவாசல் சுவரில் மாட்டினால் பல பத்தாண்டுகள் ஓடும். அதனாலேயே ஆண்டு குறிக்காத அட்டவணைகள் இருக்கும். அவற்றின் காலத்தை ஏப்ரல் நடுப்பகுதியின் ளுஹர் காட்டிக்கொடுக்கும். ஏப்ரல் 15 அளவில் சூரியக் கடிகாரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் பருவத்தால் வரும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமற் போகிறது. அன்று கல்முனையின் உச்சி 5:30 நேரத்தில் 12:03, 6:00 நேரத்தில் 12:33, 6:30 நேரத்தில் 1:03, பழைய மொறட்டுவை நேரத்தில் 11:52. அட்டவணையில் அன்றைய ளுஹர் 12:33 ஐ ஒட்டி இருந்தால் அது பெரும்பாலும் 1996 ஒக்டோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடைப்பட்டது (1942 ஜனவரி முதல் செப்டெம்பர் வரையான காலம் இன்னொரு சாத்தியம், அச்சும் தாளும் அதை எளிதில் விலக்கிவிடும்). 12:03 என்றால் 1996 க்கு முந்தியதா 2006 க்குப் பிந்தியதா என்று இம்முறையால் பிரிக்க முடியாது. பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் கூட்டி எழுதும் வழக்கம் இருப்பதால் 11:52 க்கும் 12:03 க்கும் இடையிலான சிறிய வேறுபாட்டையும் நான் முழுதாக நம்பமாட்டேன். அரை மணித்தியாலப் படிகளை மட்டும் எந்தப் பேணுதலும் மறைத்துவிடாது.

1996 க்கு முன் அச்சான அட்டவணை ஒன்று அவ்வாண்டில் இரு தடவை பொய்த்து, 2006 ஏப்ரல் 15 இல் தானாகவே மறுபடி மெய்யானது. பத்தாண்டுகள் சுவரில் தவறாகத் தொங்கிய தாள் ஒரே இரவில் சரியாகிவிட்டது. சூரியனிலும் நிழலிலும் எந்த மாற்றமும் இல்லை. முறிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே தரவுத்தளத்தில் ஒரு குறிப்புரை இருக்கிறது. விடுதலைப் புலிகள் 1996 இன் நேர மாற்றத்தை ஒருபோதும் ஏற்கவில்லை, தங்கள் கடிகாரங்களை ஐந்தரையிலேயே வைத்திருந்தனர் என்ற 2006 ஏப்ரல் ரொய்ட்டர்ஸ் செய்தி அது. கல்முனைக்கு வடக்கே, வாவியின் குறுக்கே உள்ள பட்டிருப்புப் பாலம் தாண்டினால் மேற்குக் கரையான படுவான்கரை. 2007 வரை அதில் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. ரொய்ட்டர்ஸ் படுவான்கரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் அச்செய்தி பொதுவாக உண்மையென்றால், ஒரே வாவியின் இரு கரைகளில் அரை மணித்தியால வித்தியாசத்தில் இரண்டு கடிகாரங்கள் பத்தாண்டுகளாக ஓடின என்றே கொள்ள வேண்டும். இந்த உண்மைக்குத் தரவுத்தளம் கொடுத்த இடம் குறிப்புரை மட்டுமே. கணினி அவ்வரிகளை வாசிப்பதில்லை. நாடு முழுவதற்கும் கொழும்பின் பெயரில் ஒரே வலயம். 2001 இல் படுவான்கரையில் அந்தித் தொழுகையான மஃரிப் எத்தனை மணிக்கு என்று இன்று எந்தக் கைத்தொலைபேசியிடம் கேட்டாலும், அங்கிருந்தவர்களின் கடிகாரம் காட்டாத ஒரு மணியையே அது சொல்லும். எங்கள் பகுதியின் யுத்தகாலத்தை எழுதும் எவரும் இதை மனதில் வைத்தே ஆவணங்களின் நேரக் குறிப்புகளை வாசிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

கடிகாரத்தால் விளைந்த பழைய சிக்கல் இன்னொன்றும் உண்டு. கொழும்பின் நெட்டாங்கு 79.86, நமக்கும் கொழும்புக்கும் சூரியக் கணக்கில் ஏறத்தாழ 8 நிமிடம். பருவத்தைப் பொறுத்து கல்முனையில் சூரியன் 7 முதல் 9 நிமிடம் முந்தி மறைகிறது, வைகறையும் அதேயளவு முந்துகிறது. கொழும்பு நேரத்துக்கு ஒலிக்கும் வானொலிப் பாங்கைக் கேட்டு நோன்பு திறந்தால் தாமதம் மட்டுமே, நோன்புக்குப் பழுதில்லை. கொழும்பின் சுபஹ் (வைகறைத் தொழுகை) வரை ஸஹர் சாப்பிட்டால் நோன்பே கேள்விக்குள்ளாகும். ஆகவே கழித்துப் பார்க்கும் பழக்கம் இக்கரையில் வசதிக்காக வந்ததல்ல, கடமையால் வந்தது. கைத்தொலைபேசி செய்த உண்மையான மாற்றம் இங்கேதான்: இடத்தைக் கேட்டுவிட்டு நேரத்தைச் சொல்வது. கல்முனையும் பொத்துவிலும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில் இருப்பதால் கரை நெடுக ஒரே நேரம் போதும். மேற்கே மகாஓயா போனால்தான் 2 நிமிடம் வரும். நிழற்குச்சிக்கு இயல்பாகவே இருந்த இந்த ஊர் உணர்வைக் கடிகாரமும் அட்டவணையும் பறித்தன. செயலி அதைத் திருப்பிக் கொடுத்தது. அதற்காக இருப்பிடத் தரவைக் கையளிக்க வேண்டியதில்லை. முஸ்லிம் ப்ரோ செயலியின் இருப்பிடத் தரவு இடைத்தரகு நிறுவனமொன்றின் வழியே அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குப் போனதாக 2020 நவம்பரில் வெளியான செய்தியை மறக்கக் கூடாது. ஊரைக் கையால் தெரிவு செய்ய இடம் தரும் செயலிகளில் அது ஒன்றே போதும்.

சுபஹ் விஷயத்தில் மட்டும் கிங்கின் பிரிப்புக்கு ஓரளவு இடம் கொடுக்கிறேன். வைகறை வெளுப்பை நிழலால் அளக்க முடியாது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கையில் அது தொடங்குகிறது என்ற எண் பிக்ஹு நூலில் இல்லை, வானியலாளர் தந்தது. அந்த எண்ணில் செயலிகள் ஒத்துப்போவதில்லை. உலக முஸ்லிம் லீக்கும் கராச்சி முறையும் 18 பாகை என்கின்றன, எகிப்து 19.5, வட அமெரிக்க இஸ்லாமிய சங்கம் 15. கல்முனையில் 1 பாகை ஏறத்தாழ 4 நிமிடம். எகிப்து முறையில் இருக்கும் ஒரு தொலைபேசியும் வட அமெரிக்க முறையில் இருக்கும் இன்னொன்றும் ஒரே வீட்டில் 18 நிமிட வித்தியாசத்தில் ஸஹரை முடித்துவைக்கும்.

ஆனால் இந்த எண்ணும் வானியலாளரிடமே தங்கிவிடவில்லை. மலேசியா 2019 இல் சுபஹுக்கான கோணத்தை 20 இலிருந்து 18 ஆக மாற்றியது. சுபஹ் 8 நிமிடம் பிந்தியது. வானத்தைக் கண்ணாலும் கருவியாலும் பார்த்த பிறகு மார்க்க அறிஞர்களின் குழு எடுத்த முடிவு அது. இந்தோனேசியாவில் முஹம்மதிய்யா இயக்கமும் பின்னர் அதே வழியில் 18 க்கு வந்தது. பார்த்தது, தீர்ப்பளித்தது, எண்ணை மாற்றியது எல்லாம் ஒரே தொடராக நடந்தன.

நமது கரைக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடல் நமக்குக் கிழக்கே. மாலையில் சூரியன் வயல்வெளிக்கும் மரங்களுக்கும் பின்னால் மறைவதால் மஃரிபைக் கண்ணால் உறுதி செய்வது இங்கே கடினம். காலையிலோ தடையில்லாத கடல் அடிவானம் கண்முன் இருக்கிறது. கரைவலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவரும் வெளுப்பு அது. கொழும்பின் மேற்குக் கடற்கரையில் இதைச் செய்ய முடியாது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கடலும் அருகிலேயே இருக்கிறது. நிலவற்ற இரவுகளின் முடிவில், ஊர் விளக்கொளி எட்டாத இடத்திலிருந்து, ஓராண்டு முழுவதும் அந்த வெளுப்பின் தொடக்கத்தைப் பதிவு செய்தால், 18 பாகை நமது அகலாங்குக்குப் பொருந்துகிறதா என்று இக்கரையின் உலமாக்கள் தீர்மானிப்பதற்குரிய சான்று கிடைக்கும். அந்தப் பதிவுகள் வரும்வரை எந்தச் செயலியின் சுபஹ் சரி என்பதில் நான் ஒரு பக்கம் சாயமாட்டேன்.