பலூன் கோட்டையும் கச்சான் காற்றும்

நம் பெரியதாழையில் இப்போதெல்லாம் பிறந்தநாள், புதுநன்மை, ஊர்த் திருவிழா எதுவானாலும் பிள்ளைகளுக்கு ஒரு ஜம்பிங் பலூன் வந்துவிடுகிறது. லோடு ஆட்டோவில் சுருட்டிக் கொண்டுவந்து இறக்கி, மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு கோட்டை எழும்பி நிற்கும். பேரப்பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிடுவார்கள். நம் காலத்தில் இல்லாத இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததில் சில செய்திகள் நம்மைப் போன்ற தாத்தா பாட்டிமாருக்கு அவசியம் தெரிய வேண்டியவை.

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜான் ஸ்கர்லாக் என்ற பொறியாளர், டென்னிஸ் மைதானத்தை மூடுவதற்குக் காற்றடைத்த உறை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடுவதைப் பார்த்ததும், இதையே விளையாட்டாக ஆக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து குதிப்பவர்களைத் தாங்கும் காற்று மெத்தையை உருவாக்கியவரும் அவரே. முதலில் வந்தவை சுவர் இல்லாத மெத்தைகள். சுவரும் கோபுரமும் பின்னால் வந்தன. பிள்ளைகள் வெளியே விழாமல் இருக்கச் சுவர் உதவியது. ஆனால் அதே சுவர், காற்றுக்கு எதிரே விரித்த பாய்மரப் பாயாகவும் ஆகிவிட்டது.

பாய் விரித்து ஓடிய ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 38 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 15 அடி நீளமும் 12 அடி உயரமும் உள்ள சுவரில் அது 100 கிலோவுக்கு மேல். ஐரோப்பியத் தரவிதி அந்த 38 கிலோமீட்டரைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் காற்று வீசினால் பலூனை இயக்கக் கூடாது. குறைந்தது 6 இடங்களில் கட்ட வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது.

2016 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் ஒரு பலூன் கோட்டை காற்றில் கிளம்பி ஏறத்தாழ 300 மீட்டர் உருண்டு போனது. உள்ளே இருந்த 7 வயதுச் சிறுமி இறந்தாள். அதை நடத்திய இருவருக்கும் 2018-ல் தலா 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் நகரப் பள்ளி ஒன்றின் ஆண்டு இறுதிக் கொண்டாட்டத்தில் சுழல்காற்று கோட்டையைத் தூக்கியது. 6 பிள்ளைகள் இறந்தார்கள். அது யாரும் முன்கூட்டி அறிய முடியாத காற்று என்று சொல்லி 2025-ல் நீதிமன்றம் நடத்துநரை விடுவித்தது.

அந்தச் சுழல்காற்றை நாம் பேய்க்காற்று என்போம். தேரிக்காட்டில் உச்சி வெயிலில் செம்மண்ணைச் சுருட்டிக்கொண்டு எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது சொல்லிக்கொண்டு வராது. கச்சான் காற்று அப்படியல்ல. மாதக்கணக்கில் விடாமல் அடிக்கும். இந்தக் காற்றை நம்பித்தானே 1986-லேயே தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலைகளை நட்டார்கள்! இன்னொரு சிக்கல் நம் மணல். கட்டாந்தரையில் நிற்கும் முளை கடற்கரை மணலில் நிற்காது. முளை அடிக்க முடியாத இடத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் ஏறக்குறைய 163 கிலோ பாரம் வேண்டும் என்பது இங்கிலாந்துக் கணக்கு. 50 கிலோ மணல் மூட்டை என்றால் ஒரு கட்டுக்கு மூன்றுக்கு மேல். ஒரு மூட்டையை ஓரத்தில் சாத்தி வைப்பது கட்டு ஆகாது.

ஆகவே ஆடி மாதத்தில் திறந்த வெளியில் ஜம்பிங் பலூன் வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற மாதங்களிலும் சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். வெறும் தரையில் மண் சுழலக் கண்டாலும் அப்படியே. கரண்ட் போனால் மோட்டார் நின்று கோட்டை பிள்ளைகள்மேல் சரியும். வாசலில் ஒரு பெரியவர் நின்றால்தான் உடனே வெளியே இழுக்க முடியும். பெரிய பையன்களையும் மூன்று வயதுக் குழந்தையையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். 2010-ல் அமெரிக்காவில் இந்த விளையாட்டில் அடிபட்டு நாளொன்றுக்குச் சராசரி 31 பிள்ளைகள் அவசர சிகிச்சைக்குப் போனதாக ஓர் ஆய்வு சொல்கிறது. எலும்பு முறிவும் சுளுக்குமே அதில் அதிகம்.

நம் கரையில் 1961 வரை முத்துக்குளித்தார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனின் கயிறு மேலே தோணியில் இருப்பவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது அதன் கணக்கு. வாடகைக்காரருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீட்டு வேலை இருக்கும். நமக்கு அங்கே இருப்பது நம் பேரப்பிள்ளை. விருந்து முடியும்வரை நாற்காலியைப் பந்தலுக்குள் போடாமல் அந்தக் கோட்டை வாசலில் போட்டு உட்காருவோம்.