கரையேற்றம்: செங்கல்பட்டுக் கடற்கரையில் படகும் மணலும்

கடலிலிருந்து திரும்பும் படகை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்து நிறுத்துவது கரையேற்றம். துறைமுகம் உள்ள ஊர்களில் பழுதுபார்க்கும் பருவத்தில் மட்டும் இந்த வேலை வரும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் இது அன்றாடப் பாடு. திறந்த கடலும் சரிந்த மணலும் மடிந்து விழும் அலையும்தான் இங்கே துறை. அதனால் இந்தக் கரைப் படகின் அடி, கடலில் தேய்வதைவிட மணலில் தேய்வதே அதிகம்.

பழைய கலங்கள் இதைத் தெரிந்தே கட்டப்பட்டவை. கட்டுமரத்தில் ஓட்டை விழ எதுவுமில்லை. சேர்த்துக் கட்டிய சில மரங்கள், அவ்வளவுதான். கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளில் சுமந்து மேட்டில் காயப்போட்டார்கள். மசூலாப் படகு வேறு வகை. ஆணியும் வங்கு எனும் விலாச்சட்டமும் இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து ஆக்கியது. தரை தட்டினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் எழுவதற்கு முன், கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்ற கப்பல்களின் பயணிகளும் சரக்கும் கரை சேர்ந்தது இதில்தான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. மணலில் ஏறக்கூடிய படகை வடிவமைப்பது அதன் தொடக்க காலப் பணிகளில் ஒன்று. கரை நெருங்கும்போது விசிறி மணலில் குத்தாதபடி, இயந்திரத்தையே சாய்த்து விசிறியைத் தூக்கும் அமைப்பு அதில் உருவானது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிய, கட்டுமரங்கள் வேகமாக ஒதுங்கின.

ஃபைபர் படகு லேசானது, வேகமானது. ஆனால் கட்டுமரத்தின் பொறுமை அதற்குக் கிடையாது. அதன் மேல்தோலான ஜெல்கோட்டை மணல் உப்புத்தாள்போல் அராவும். தோல் போனால் கண்ணாடி இழைக்குள் நீர் இறங்கி, அடுக்குகள் மெல்லப் பிரியும். முதலில் தேய்வது ஏரா, அதாவது படகின் நடுவே ஓடும் அடிமுதுகு. அங்கே கூடுதல் அடுக்குப் போட்டுக் கட்டுவதும், தேய்ந்ததும் மேல்பூச்சைப் புதுப்பிப்பதும் மலிவான காப்பு.

முன்பு ஆட்கள் கூடி, குரல் கொடுத்துத் தள்ளிய படகை இன்று பல குப்பங்களில் டிராக்டர் இழுக்கிறது. ஆட்கள் தள்ளும்போது படகு எங்கே தட்டுகிறது என்பது கைக்குத் தெரியும். டிராக்டருக்கு அது தெரியாது. எனவே மீனையும் ஈரவலையையும் முதலில் இறக்க வேண்டும். உள்ளே தேங்கிய நீரையும் வடித்துவிட வேண்டும்: ஐந்து குடம் தண்ணீர்கூட ஏறக்குறைய ஓர் ஆளின் எடை. கயிறு, படகின் முன்புறமான அணியத்தின் தாழ்ந்த வளையத்திலிருந்து நேர்கோட்டில் போக வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் படகு முறுகும். ஈரமணல் அடியைக் கவ்விப் பிடித்திருக்கும்போது வெடுக்கென இழுக்காமல், இருபுறமும் அசைத்து விடுவித்த பிறகே வண்டி நகர வேண்டும். அடியில் உருட்டுக்கட்டையோ பலகையோ போட்டால் பாதித் தேய்மானம் அங்கேயே குறையும். நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். அதன் நேரே யாரும் நிற்கக் கூடாது.

புயல் நேரத்து அவசரம் தனிக் கதை. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவுக்கும் 10 அதிகாலைக்கும் இடையே மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. இப்படிப்பட்ட எச்சரிக்கை வரும்போது கிரேனும் ஜேசிபியும் கைகொடுக்கும், கெடுக்கவும் செய்யும். வாளியால் முட்டித் தள்ளினால் முழு விசையும் ஒரு புள்ளியில் விழுந்து நட்சத்திர விரிசல் விடும். தூக்குவதற்கு அகலமான இரண்டு பட்டைகள் வேண்டும், உள்ளே குறுக்குத்தடுப்பு இருக்கும் இடத்துக்கு நேராக. மேலே அவற்றை விரித்துப் பிடிக்க ஒரு குறுக்குச் சட்டம் இல்லையென்றால், பட்டைகள் படகின் விளிம்பை எலுமிச்சம்பழம்போல் பிழியும்.

டிரெய்லரிலும் லாரியிலும் ஏற்றினால் எடையை ஏரா தாங்க வேண்டும். பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடித்தால் போதும். பின்புறம் தாங்கலின்றி நீண்டு தொங்கினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் படகு தன் எடையாலேயே வளையும். அதிலும் இயந்திரம் பின்னால் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். மணல்மூட்டையும் பழைய டயரும் நம்மூரின் நல்ல மெத்தைகள். ஆனால் பட்டையை அளவுக்கு மீறி முறுக்கிக் கட்டினால் மெத்தை இருந்தும் பயனில்லை.

அடிபட்ட ஃபைபர் வெளியே முழுசாகத் தெரியலாம். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும், அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அங்கே சுரண்டி, உப்பு போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் புதிய கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைக்க வேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டியது சில நடைக்குள் உரிந்துவிடும்.

இத்தனைக்கும் முதலில் இழுத்து நிறுத்த மணல் வேண்டும். கடலரிப்பில் கரை குறுகும் குப்பங்களில் படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. அரிப்பைத் தடுக்க, கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். ஆனால் கொட்டிய கல் அலையில் உருண்டு வந்தால், படகு ஏறும் தடத்திலேயே அது கிடக்கும்.