ரிவர்ஃபோக் கம்பெனி

2018இல் வெளியான 'ரூட்' பலகை விளையாட்டின் விரிவாக்கத்தில் வரும் நீர்நாய்களின் வணிக அணி. மூல விளையாட்டை வடிவமைத்தவர் கோல் வேர்லி. கைச்சீட்டு, ஆற்றுப் படகுவழி, கூலிப்படை ஆகிய மூன்றும் இதன் சரக்கு. வாங்குபவர் காசு தருவதில்லை. தன் வீரர்களையே எண்ணிக் கொடுக்கிறார். 1 முதல் 4 வரை விலையை இதுவே தன் முறையின் முடிவில் வைக்கும். சீட்டுகள் எல்லோர் கண்ணிலும் பட மேசையில் விரிந்து கிடக்கும்; எதிராளி ஒன்றைக் குறுகுறுவென்று பார்த்தால் போதும், விலை ஏறிவிடும். வரைபடத்தில் வணிகச் சாவடி ஒன்றாவது நின்றால், கையிருப்பு நிதியாகச் சேர்ந்த வீரர் இருவருக்கு ஒரு புள்ளி லாபப் பங்கு. சூழ்ச்சிக்கார அணிதான், ஆனால் மற்றவர்கள் கூடிப் பேசிக் கடையை ஒதுக்கினால் படுத்துவிடும். அப்போது விதி தரும் ஆறுதல், காலியாகக் கிடக்கும் கட்டணப் பெட்டியில் சொந்த வீரர் இருவர்.