திறமூல விளையாட்டுகளுக்கு வலை நிரலாளர் சேர்ப்பு: தருமபுரி மாவட்டம்

கணினி விளையாட்டையோ, விளையாட்டு செய்ய உதவும் எஞ்சினையோ மூலநிரலோடு பொதுவில் வைத்து உருவாக்கும் குழுக்கள் உலகெங்கும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு அலுவலகமே கிடையாது. வலை நிரலாளர்களை அவரவர் ஊரிலிருந்தபடியே சேர்த்துக்கொள்கின்றன. இந்தச் சேர்ப்பில் விண்ணப்பத்தைவிட, முன்பே செய்து காட்டிய வேலைக்குத்தான் மதிப்பு. எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. கணினி வேலை என்றால் பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டும் என்று பழகிப்போன தருமபுரிக்கு இது சிறிய செய்தி அல்ல.

மாவட்டத்தின் நிலை

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது ஓசூரின் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே இதுதான் கடைசி. ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் பெங்களூர் இருப்பதால், படித்த பிள்ளைகளின் கண் தேசிய நெடுஞ்சாலை 44 மேல்தான் இருக்கும். செட்டிக்கரையில் 2013இல் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கிய பிறகு உள்ளூரிலேயே பொறியியல் படிக்க வழி பிறந்தது. படித்து முடித்த பின் உள்ளூரிலேயே வேலை என்பது வேறு கதை.

திறமூல மென்பொருளோடு இந்த மாவட்டத்துக்கு உறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் லினக்ஸ், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம். அரூரிலும் பென்னாகரத்திலும் வீட்டுக்கு வந்த முதல் கணினியே லினக்ஸ் உள்ள கணினியாக இருந்த குடும்பங்கள் உண்டு. அதைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது பெரிய இழப்பு. விழுப்புரத்தில் அந்த வேலையைச் செய்ய விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. அது கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றி நிரலாக்கம் சொல்லித்தருகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றைத் தமிழிலேயே படிக்கும்படி செய்தது. தருமபுரி மாணவருக்கு இந்த இரண்டும்தான் பக்கத்தில் உள்ள முன்மாதிரிகள்.

இரண்டு குழுக்கள்

கோடோ எஞ்சினை அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் தொடங்கினார்கள். 2014இல் எம்ஐடி உரிமத்தில் மூலநிரல் வெளியானது. 2016இல் மோசில்லா 20,000 டாலர் கொடுத்தது. வெப்சாக்கெட், வெப்அசெம்ப்ளி, வெப்ஜிஎல் 2 ஆகிய வலைத் தொழில்நுட்பங்களைக் கோடோவுக்குள் கொண்டுவருவதற்கான பணம் அது. விளையாட்டு எஞ்சினுக்குள் வலை நிரலாளருக்கு வேலை பிறப்பது இப்படித்தான். இன்று கோடோவின் எடிட்டர் பிரௌசருக்குள்ளேயே ஓடுகிறது. வலைப்பகுதியைக் கவனித்துவந்த ஃபேபியோ அலெசாண்ட்ரெல்லி முதலில் பங்களிப்பாளராக உள்ளே வந்தவர். 2022இல் டபிள்யூ4 கேம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

வைல்ட்ஃபயர் கேம்ஸ் குழுவின் ‘ஜீரோ ஏ.டி.’ பழங்காலப் போர்களை வைத்துச் செய்யப்பட்ட உத்தி விளையாட்டு. அதில் மௌரியர்களும் உண்டு, அவர்களின் யானைப்படையும் உண்டு. 2009இல் இதன் மூலநிரல் திறக்கப்பட்டது. விளையாட்டு விதிகளும் திரை அமைப்பும் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை. ஆகவே வலைப்பக்கம் செய்யத் தெரிந்தவர் இதற்குள் நுழைய மறுபடி புது மொழி கற்க வேண்டியதில்லை. 2013இல் நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க 1,60,000 டாலர் கேட்டுப் பொதுமக்களிடம் போனார்கள். வந்தது ஏறக்குறைய 33,000 டாலர். திறமூல விளையாட்டில் ஆள் சேர்ப்பதன் வலி முழுவதும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. வேலை நிறைய, மனசுள்ள ஆட்கள் நிறைய, சம்பளத்துக்குக் காசு குறைவு.

சேர்ப்பு நடக்கும் விதம்

ரெப்போவில், அதாவது மூலநிரல் களஞ்சியத்தில், ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று குறியிட்ட இஷ்யூ (பிழைக் குறிப்பு) ஒன்றை எடுத்துக்கொள்வது, அதைச் சரிசெய்து புல் ரெக்வஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கும் கோரிக்கை) அனுப்புவது, பராமரிப்பாளர் சொல்லும் குறைகளைத் திருத்துவது, அது மூலநிரலோடு மெர்ஜ் ஆவது: வழக்கமான பாதை இதுதான். பத்து மெர்ஜுக்குப் பிறகு பெயர் பழகிவிடுகிறது. நிதி வந்து ஒருவரைச் சம்பளத்துக்கு எடுக்கலாம் என்ற நிலை வரும்போது முதலில் பார்ப்பது ஏற்கனவே பழகிய பெயர்களைத்தான். அறிவிப்பு வெளியாகும் இடங்களிலும் பழைய கமிட்டுகளே பயோடேட்டாவாக நிற்கின்றன.

எப்படிப்பட்ட இஷ்யூக்கள் என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் உண்டு. கோடோ 3 வரிசையில் ‘கெ’ என்று தட்டினால், ககரம் முதலில் வந்து ஒற்றைக்கொம்பு அதன் வலப்பக்கம் போய் நிற்கும். ‘கொ’வும் ‘கோ’வும் உடைந்து கிடக்கும். எழுத்துருவில் பிழை இல்லை. இந்திய எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் ஏற்பாடுதான் எஞ்சினில் இல்லை. 2023 மார்ச் 1 அன்று வந்த கோடோ 4, ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரலகத்தை உள்ளே கொண்டுவந்து அதைச் சரிசெய்தது. இத்தகைய பிழையைக் கண்ணால் பார்த்தவுடனே பிடிக்கக்கூடியவர் தமிழ் படித்தவர். பாலக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவிக்குத் தெரிவது ஐரோப்பியப் பராமரிப்பாளருக்குத் தெரியாது. அதை எழுதிக் காட்டினால் அதுவே பங்களிப்பு. சேர்ப்புக் குழுக்கள் இந்த அறிவைத் தேடிப் போவதில்லை என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இன்னோர் உதாரணம் முழுக்க முழுக்க வலைவேலை. கோடோ 4இன் முதல் பதிப்புகளில் செய்த விளையாட்டைப் பிரௌசரில் ஓடவைக்க, சர்வர் குறிப்பிட்ட இரண்டு எச்டிடிபி ஹெடர்களை அனுப்பியாக வேண்டியிருந்தது. இலவச ஹோஸ்டிங் பலவற்றில் அதற்கு வழியில்லாததால், விளையாட்டு வெறும் பிழைச்செய்தியோடு நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டில் வந்த 4.3 பதிப்பு, அந்த ஹெடர்கள் இல்லாமலே ஓடும் ஒற்றைத் த்ரெட் முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஹெடர் என்றால் என்ன என்று தெரிந்த வலை நிரலாளருக்கு விளையாட்டுக் குழுவில் இடம் இருப்பது இதனால்தான்.

சம்பளமில்லாத மாதங்கள்

இந்த முறையில் ஒரு பெரிய அநீதி உண்டு. முதலில் இலவசமாகச் செய்து காட்டு என்பது, ஆறு மாதம் வருமானம் இல்லாமல் வீட்டில் உட்கார முடிந்தவருக்கே தோது. அப்பா தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் வீட்டில் மூத்த பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் கிடைக்காது. திறமையைப் பார்த்துத்தான் எடுக்கிறோம் என்று சொல்லும் எந்தக் குழுவும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

ஓரளவுக்குப் பதில்கள் இருக்கின்றன. 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட், 2022இலிருந்து மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கோடோவும் இதில் பங்கேற்றிருக்கிறது. உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். அவுட்ரீச்சி என்ற திட்டம், கணினித் துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்காக ஆண்டுக்கு இருமுறை மூன்று மாதப் பயிற்சி தருகிறது. எந்த நாட்டவரானாலும் 7,000 டாலர். ஜெரோதா நிறுவனம் 2024இல் அறிவித்த திறமூல நிதி ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். அது திட்டங்களுக்குப் போகும் பணம், அங்கிருந்து நிரலாளர் கைக்கு வரலாம்.

கவனிக்க வேண்டியவை

வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி முன்பணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்டால் அது மோசடி. உண்மையான திறமூலக் குழு எதுவும் சேர்வதற்குப் பணம் வாங்குவதில்லை. நேர்காணல் தேர்வு என்ற பெயரில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் ரெப்போவைச் சொந்த லேப்டாப்பில் ஓட்டுவதும் ஆபத்து. அந்த வழியில் கடவுச்சொற்கள் திருடுபோயிருக்கின்றன.

நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் காலை 10 மணி என்றால் தருமபுரியில் மாலை 6.30. கூட்டங்கள் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு வேளையில் வரும். கரண்ட் போனால் கூட்டத்தில் இருக்க முடியாது. ஆனால் பெரும்பாலான குழுக்கள் முடிவுகளை எழுத்தில்தான் எடுக்கின்றன என்பதால் மறுநாள் படித்துப் பதில் போட்டாலும் போதும். ஆங்கிலம் பேச வராது என்ற கூச்சம் உள்ளவருக்கும் இந்த எழுத்துப் பழக்கம் பெரிய துணை.

சம்பளம் வந்தால், பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் என்ற முறையில் வெளிநாட்டுப் பணமாக வரும். வங்கிக் கிளை அதன் நோக்கத்தைக் கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்கான குறியீடு பி0802. வரவுச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் வருமான வரித் தாக்கலுக்கு உதவும். இந்த வேலையில் வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் கிடையாது என்பதை, மாதச் சம்பள வேலையை எதிர்பார்க்கும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.