மருத்துவமனை உணவியலாளர் பணிநிலை: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

மருத்துவமனை உணவியலாளர் என்பவர் நோயாளியின் நோய், எடை, செரிமானத் திறன், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றுக்கேற்ப உணவின் வகையையும் அளவையும் வகுத்து, சமையற்கூடத்தில் அது அவ்வாறே ஆக்கப்படுகிறதா என்பதையும் கண்காணிப்பவர். பேச்சுவழக்கில் டயட்டீசியன் எனப்படுகிறார். மனையியலிலோ உணவியலிலோ முறையான பட்டம் பெறாத ஆலோசகர்கள் இத்தொழிலினராகக் கொள்ளப்படுவதில்லை.

இத்தொழிலுக்கு இந்தியாவில் அறிவியல் அடித்தளம் அமைந்தது தமிழ்நாட்டில்தான். தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவால் நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வை 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுக்கூடம் விரிவடைந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படுகிறது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற எய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையின் வழிவந்ததே 528 உணவுப் பொருள்களை அடக்கிய 2017ஆம் ஆண்டு அட்டவணையாகும். இந்திய உணவியல் சங்கம் 1963இல் தோன்றியது. கோயம்புத்தூரில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி இத்துறையில் பெண்கள் பலரைப் பயிற்றுவித்தது; தொழில் இன்றும் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே உள்ளது.

விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் மேற்சொன்ன உணவுச்சத்து அட்டவணையை அப்படியே பின்பற்ற இயலாது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளையும் இப்பகுதியில் அன்றாட உணவு ரேஷன் அரிசிக்கு மாறிவிட்டதால், நீரிழிவு நோயாளிக்குச் சிறுதானியத்தைப் பரிந்துரைப்பது புதுமை புகுத்துவதன்று, பழைய வழக்கத்தை மீட்பதேயாகும். கருவாடும் மோர்மிளகாயும் இன்றிக் கஞ்சி இறங்காத வீடுகளில் உப்பைக் குறைக்கச் சொல்வதுதான் கடினம். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு இன்சுலினும் சாப்பாடும் நேரம் ஒத்துவருமாறு தனிப்பட்டியல் வகுக்க வேண்டியுள்ளது.

உணவியலாளர் ஒருவரே உள்ள மருத்துவமனையில் காலை வார்டு சுற்று, மூக்குக் குழாய்வழிக் கஞ்சியின் அளவு, அடுப்படி மேற்பார்வை, பதிவேடு, வீடு திரும்புவோருக்கான அறிவுரை ஆகிய அனைத்தும் அவர்மேல் விழுகின்றன. விடுப்பில் சென்றால் அப்பணி செவிலியரைச் சேரும். சமையற்கூட மேற்பார்வை இப்பணியின் பிரிக்கமுடியாத பகுதியே.

துணைநிலை சுகாதாரத் தொழிலினருக்கான 2021ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டம் ஊட்டச்சத்து அறிவியலாளரையும் தன் பிரிவுகளுள் சேர்த்துள்ளது. அருகிலுள்ள விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒப்பந்த நியமனமும் தொகுப்பூதியமும் இத்துறையிலும் காணப்படுகின்றன.