பித்தளை டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் தகட்டுக்கு - ஒரு காம்பஸின் கதை

காம்பஸ் என்று சொன்னதும் பெரும்பாலானவர்களின் கண்முன் வருவது ஒரு பித்தளை டப்பாதான். மூடியைத் திறந்தால் கண்ணாடிக்கு அடியில் வெள்ளை முகப்பு, நான்கு திசைகளின் எழுத்துகள், நடுவில் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஊசி. கடற்கொள்ளையர் படங்களில் வருவதும் இதுவே, இன்றும் பரிசுப்பொருள் கடைகளில் கிடைப்பதும் இதுவே. அழகான பொருள், சந்தேகமில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி ஒருவர் காட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? வடக்கு எது என்று தெரியும். அவ்வளவுதான்! போக வேண்டிய ஊர் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. காம்பஸ் வளர்ந்தது கப்பலில். சீன அறிஞர் ஷென் குவோ 1088 வாக்கில் எழுதிய நூலில் காந்த ஊசியைப் பற்றிச் சொல்கிறார். ஊசி மிகச் சரியாகத் தெற்கு நோக்கி நிற்காமல் சற்று விலகி நிற்கிறது என்பதைக்கூட அவர் கவனித்திருக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கப்பல்களில் ஊசி பயன்பட்டது. கப்பலில் மேசை உண்டு, மேசைமேல் விரிக்கப்பட்ட வரைபடம் உண்டு, கோணம் அளக்கக் கருவிகள் உண்டு, கணக்குப் போட ஓர் அதிகாரி உண்டு. காம்பஸ் இத்தனை பேர் வேலையில் ஒரு பங்கை மட்டும் செய்தால் போதும். நடந்து போகிறவனுக்கு இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஒரு கையில் வரைபடம், மறு கையில் காம்பஸ், தலைக்கு மேலே மழை.

நிலத்தில் அளவெடுப்பவர்களுக்காக ஒரு நல்ல முன்னேற்றம் 1812இல் வந்தது. லண்டனில் கருவிகள் செய்துவந்த சார்லஸ் ஷ்மால்கால்டர் என்பவர் பிரிஸ்மாட்டிக் காம்பஸுக்குக் காப்புரிமை பெற்றார். தூரத்து மலையுச்சியைப் பார்த்துக்கொண்டே, தலையை அசைக்காமல், டிகிரி எண்ணையும் ஒரு சிறு பட்டகம் வழியே படிக்க முடியும். புவியியல் மாணவர்கள் செய்முறை வகுப்பில் கையில் எடுக்கும் கருவி இதன் வாரிசுதான். ஆனால் இதிலும் ஒரு குறை இருந்தது. கிடைத்த டிகிரியை வரைபடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு கோணமானி வேண்டும். குளிரில் விறைத்த விரல்களால், காற்றடிக்கும் இடத்தில், ஈர வரைபடத்தின்மேல் கோணமானியை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

சிரமம் என்று லேசாகச் சொல்லிவிடவும் முடியாது. கோணத்தில் 10 டிகிரி தவறினால் 5 கிலோமீட்டர் நடந்த பிறகு ஒருவர் சுமார் 870 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். மூடுபனியிலோ பனிக்காட்டிலோ ஒரு குடிசையைத் தேடிப் போகிறவருக்கு 870 மீட்டர் என்பது உயிர்ப் பிரச்சினை.

இந்தச் சிக்கல் அவிழ்ந்தது ஸ்வீடனில். அதற்குக் காரணம் ஒரு விளையாட்டு! வரைபடமும் காம்பஸும் மட்டும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் குறித்த இடங்களைக் கண்டுபிடித்து ஓடும் 'ஓரியன்டீரிங்' அங்கே பரவியிருந்தது. சாரணர் இயக்கத்தில் ஈடுபாடு கொண்ட ராணுவ அதிகாரி எர்ன்ஸ்ட் கில்லாண்டர் 1919இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகே நடத்திய போட்டியில் 200க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஓட்டப்பந்தயத்தில் நொடிகள் முக்கியம். ஊசி ஆடி அடங்கும்வரை நிற்க வேண்டும், பிறகு கோணமானியைத் தேட வேண்டும் என்றால் எப்படிப் பொறுப்பார்கள்?

அப்படிப் பொறுக்காத ஒருவர்தான் குன்னர் டில்லாண்டர். கருவி செய்யும் தொழிலாளி, அப்போது வேலையில்லாமல் இருந்தவர், ஓரியன்டீரிங் பித்தர். 1928இல் அவர் செய்தது கேட்பதற்கு மிக எளிமையானது. காம்பஸையும் கோணமானியையும் ஒன்றாக்கிவிட்டார். ஒளி ஊடுருவும் ஒரு செவ்வகத் தகடு, அதன்மேல் சுழலக்கூடிய ஒரு வட்டக் கூடு, கூட்டுக்குள் ஊசி. பித்தளை மூடி, அலங்காரம் எல்லாம் போயே போச்சு.

இதைப் பயன்படுத்தும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அழகு புரியும். வரைபடத்தில் இருக்கும் இடத்தையும் போகும் இடத்தையும் தகட்டின் விளிம்பால் இணைக்க வேண்டும். பிறகு கூட்டைச் சுழற்றி, அதன் வடக்கை வரைபடத்தின் வடக்கோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். இதுவரை ஊசியை ஏறிட்டுக்கூடப் பார்க்க வேண்டாம்! இனி வரைபடத்தை மடித்துவிட்டு, காம்பஸை நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஊசியின் வடமுனை கூட்டிலுள்ள குறிக்குள் வந்து நிற்கும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். தகட்டின் முன்னம்பு காட்டும் பக்கம்தான் வழி. எந்த எண்ணையும் படிக்கவில்லை, எந்தக் கணக்கும் போடவில்லை. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றே ஒன்று: வடமுனைக்குப் பதில் தென்முனையைக் குறிக்குள் நிறுத்திவிடுவது. அப்படிச் செய்தால் நேர் எதிர்த்திசையில் மிகத் துல்லியமாக நடப்பார்கள்.

டில்லாண்டர் தன் வடிவத்தை, சாதாரண காம்பஸ்கள் விற்றுக்கொண்டிருந்த ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களிடம் கொண்டுபோனார். நால்வரும் சேர்ந்து அதைத் திருத்தி 'சில்வா' நிறுவனத்தை 1932 டிசம்பரில் தொடங்கினார்கள். சகோதரர்களில் ஒருவரான பியோர்ன் 1946இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1955இல் வரைபடமும் காம்பஸும் பயன்படுத்தக் கற்றுத்தரும் புத்தகத்தை வெளியிட்டார். தகட்டுக் காம்பஸ் அங்கே பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஊசி ஆடும் பிரச்சினையைத் தீர்த்தவர் பக்கத்து நாட்டுக்காரர். ஊசியைத் திரவத்தில் மிதக்கவிட்டால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும் என்பது கப்பல்காரர்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால் அவை கனமானவை. பின்லாந்தின் நில அளவையாளர் துவோமாஸ் வோஹ்லோனன், இலேசான செல்லுலாய்டு கூட்டுக்குள் பெட்ரோலிய வகைத் திரவத்தை நிரப்பி ஒழுகாமல் அடைக்கும் முறைக்கு 1930களில் காப்புரிமை கோரினார். அவர் தொடங்கிய 'சூன்டோ' நிறுவனம் 1936இல் மணிக்கட்டில் கட்டும் காம்பஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீரை ஏன் நிரப்பவில்லை என்று கேட்பவர்கள் பின்லாந்தின் குளிர்காலத்தை நினைத்துப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் பூமி விட்டுக்கொடுக்கவில்லை. ஷென் குவோ கண்ட அந்த விலகல், பாடப்புத்தகத்தில் வரும் காந்த ஒதுக்கம், இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் ஓரிரு டிகிரிதான், மறந்துவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் 15 டிகிரி, அங்கே மறந்தால் ஆபத்து. அடுத்தது காந்தச் சரிவு. ஸ்டாக்ஹோமில் காந்தப்புலம் 70 டிகிரிக்கும் மேல் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. அதனால் ஊசியின் வடமுனை தலைகுனியாமல் இருக்கத் தென்பாதியில் சிறு எடை சேர்த்துச் சமன்செய்கிறார்கள். அதே காம்பஸ் ஆஸ்திரேலியா போனால் தென்முனை கூட்டின் அடியில் உரசி, ஊசி நகராமல் நின்றுவிடும். ஆகவே உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வெவ்வேறு காம்பஸ் விற்கிறார்கள். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். அங்கே எந்த எடையும் சேர்க்காமலேயே ஊசி சமமாக நிற்கும்.

இன்றைய நடையர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. காம்பஸைச் செல்போனோடு ஒரே பையில் போட்டால், போனின் ஸ்பீக்கரிலும் உறையிலும் உள்ள காந்தம் ஊசியின் முனைகளையே மாற்றிவிடுவது உண்டு. ஊசி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சுறுசுறுப்பாகத்தான் திரும்பும். சிவப்பு முனை மட்டும் தெற்கே நிற்கும்.