தங்கசாலைக்கு வந்த பல்கலைக்கழகம்

போன வாரம் பேத்தி தன் கல்லூரிக் கலைப்பிரிவின் ஆண்டு மலரைக் கொண்டுவந்து காட்டினாள். சாதனைகள் என்று நாலு பக்கம். ஆய்வுக் கட்டுரை இத்தனை, கருத்தரங்கம் இத்தனை, பரிசு இத்தனை. எல்லாம் சரிதான். கல்லூரி வாசலைத் தாண்டி யாரிடமாவது போய்ப் பேசினார்களா என்று தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு வரியும் இல்லை.

எனக்கு உடனே ரா.பி. சேதுப்பிள்ளை நினைவுக்கு வந்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அப்பா கேட்டிருக்கிறார். அப்பா துறைமுகத்தில் கலாசி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. தண்டையார்பேட்டையிலிருந்து தங்கசாலைக்கு நடந்து போய்க் குறள் கேட்டுவிட்டு நடந்தே திரும்புவார். "புரொபசர் ஐயா" என்றுதான் சொல்வார், பெயர் சொல்லமாட்டார்.

சேதுப்பிள்ளை நெல்லைப் பக்கம் இராசவல்லிபுரத்துக்காரர், 1896இல் பிறந்தவர். முதலில் வக்கீல். நெல்லை நகராட்சியில் துணைத் தலைவராக இருந்தபோது, சிதைந்து போன தெருப் பெயர்களையெல்லாம் பழைய சரியான பெயருக்குத் திருப்பினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டு. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு வந்தார்.

அந்த 1936 அந்தத் துறைக்குப் பெரிய ஆண்டு. பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக முடிந்தது அப்போதுதான். ஒரு லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். கடைசிப் பத்தாண்டு அதன் பதிப்பாசிரியராக உழைத்தவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. தமிழ் நூல்களின் காலத்தைக் கறாராகக் கணித்து, அதற்காக நிறைய வசவு வாங்கியவர். இவர் காகிதத்து மனிதர், சேதுப்பிள்ளை மேடை மனிதர். ஒரே துறையில் பத்து ஆண்டு இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். 1946இல் வையாபுரிப்பிள்ளை ஓய்வு பெற்றபின் சேதுப்பிள்ளை துறைத் தலைவரானார்.

அறிவாழம் என்று பார்த்தால் நான் வையாபுரிப்பிள்ளை பக்கம்தான். ஆனால் வடசென்னைக்கு வந்தவர் சேதுப்பிள்ளை. கணக்குப் பாருங்கள். ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் மூன்று ஆண்டு கம்பராமாயணம். கோகலே மன்றத்தில் மூன்று ஆண்டு சிலப்பதிகாரம். கந்தகோட்டத்து மண்டபத்தில் ஐந்து ஆண்டு கந்தபுராணம். தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் வாரம் ஒரு நாளாக ஐந்து ஆண்டு திருக்குறள். கட்டணம் கட்டி, பட்டம் வாங்கி உட்காருகிற வகுப்பு கடற்கரையில் இருந்தது. மூட்டைக்காரரும் கடைச் சிப்பந்தியும் உட்கார்ந்த வகுப்பு இங்கே நடந்தது. பாடம் நடத்தியவர் ஒருவரே.

(கோகலே மன்றம் இருக்கும் ஆர்மேனியன் தெரு நம் ஆட்கள் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அங்கே எந்த அரண்மனையும் கிடையாது!)

அவர் நடை அடுக்குமொழி. எதுகையும் மோனையும் உரைநடையில் கொட்டும். இப்போது உட்கார்ந்து படித்தால் இரண்டு பக்கத்தில் எனக்குத் திகட்டுகிறது. அது காதுக்காகச் செய்த தமிழ். எழுத்தறிவு குறைந்த கூட்டத்துக்கு அந்த எதுகைதான் கைப்பிடி. வீடு வந்து சேரும்வரை மறக்காது.

அதே தமிழ்தான் எதிர் மேடையிலும் ஒலித்தது. 1943 பிப்ரவரி 9ஆம் தேதி, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய சட்டக் கல்லூரி மண்டபத்தில், கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று வாதம். கொளுத்த வேண்டும் என்றவர் அண்ணா. கூடாது என்றவர் சேதுப்பிள்ளை. தலைமை சி.எம். இராமச்சந்திரன் செட்டியார். பிறகு அது 'தீ பரவட்டும்' என்று சிறு நூலாக வந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், தன் பாடப் புத்தகத்தையே எரிக்கச் சொல்பவரோடு ஒரே மேடையில் ஏறி, பொதுஜனத்தின் முன் வாதாடினார். இன்று எந்தத் துறைத் தலைவர் இதற்குச் சம்மதிப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆறு ஆண்டு கழித்து, 1949 செப்டம்பரில், ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம். அப்பா அங்கேயும் நனைந்தார். கம்பரையும் விடவில்லை, அண்ணாவையும் விடவில்லை. முரணாக இல்லையா என்று நான் கல்லூரியில் படிக்கும்போது கேட்டேன். "ரெண்டு பேரும் நமக்குப் புரியிற மாதிரி பேசுனாங்கடா" என்றார். எனக்கு அப்போது அது பதிலாகப் படவில்லை. படிக்காத மனுஷன் என்று நினைத்தேன். இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' 1955இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. தமிழுக்கு அதுவே முதல் பரிசு. எனக்குப் பிடித்தது 1946இல் வந்த 'தமிழகம் ஊரும் பேரும்'. அதைப் படித்த பிறகுதான் நம் பேட்டையின் பெயரையே நின்று கேட்டேன். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் தங்கிய சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபை ஜனங்கள் தொண்டியார் என்றார்கள், தொண்டியார்பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பார்கள். அவர் அடக்கமான தர்கா இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது.

1961 ஏப்ரல் 25இல் சேதுப்பிள்ளை காலமானார். அதே ஆண்டு பச்சையப்பனிலிருந்து மு.வ. அந்தத் துறைக்குத் தலைவராக வந்தார். ஏப்ரல் 25 மு.வ.வின் பிறந்த நாள்! 'அகல் விளக்கு' நாவலுக்கு அகாதெமிப் பரிசும் அந்த ஆண்டே. மு.வ. மேடையைவிட நாவலால் வீடுகளுக்குள் வந்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அப்பாவின் குறள் நோட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. முன்பக்கமிருந்து குறளும் கேட்ட விளக்கமும், பின்பக்கமிருந்து அரிசிக் கணக்கும் வட்டிக் கணக்கும். பேத்தியிடம் எடுத்துக் காட்டினேன். அலைபேசியில் படம் பிடித்தாள். பென்சில் எழுத்து மங்கிவிட்டதால் நாலு பக்கம்தான் தெளிவாக வந்தது. மீதியை வெயிலில் வைத்து எடுக்கலாம் தாத்தா என்று சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள்.